மாட்டை எங்கே கட்டுவது?

(கண்டி மாவட்டத்தில் மீள்குடியேறவிருக்கும் தோட்ட, கிராமக் குடும்பங்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காணி, நட்டஈடு, பிள்ளைகளின் பாடசாலை மாற்றம் பற்றி நீங்கள் தயங்காமல் கேட்கிறீர்கள். இன்னொரு கேள்வியை மட்டும் கூட்டம் முடிந்த பிறகு, ஒதுக்குப்புறமாக வந்து, கூச்சத்தோடு கேட்கிறீர்கள். "மாட்டை என்ன செய்கிறது? நாயைக் கொண்டுவரலாமா?" மனிதருக்கே இடமில்லாதபோது இதைக் கேட்கலாமா என்ற தயக்கம் உங்களுக்கு. தாராளமாகக் கேளுங்கள். இது உங்கள் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, நாட்டிலேயே அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது நமது கண்டி மாவட்டம். மலைச்சரிவுகள் இடிந்தன, மகாவலி பெருகிக் கம்பளைப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. ஓடியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் விகாரைகளிலும் தஞ்சமடைந்தார்கள். பாடசாலை என்பது பிள்ளைகள் படிப்பதற்காகக் கட்டிய இடம். அங்கே மாட்டுக்குத் தொழுவமோ நாய்க்குக் கூடோ இருக்காது. ஆகவே மனிதர் கீழே வந்தார்கள், விலங்குகள் மேலே நின்றன.

அதன் பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும். பால் மாட்டைக் காலையிலும் மாலையிலும் கறக்க வேண்டும். இரண்டு நாள் கறக்காமல் விட்டால் மடி வீங்கி நோய் கண்டுவிடும். அதற்கு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது லீற்றர் தண்ணீரும் வேண்டும். தோட்டத்துச் சம்பளம் போதாத வீட்டில் அந்த மாடுதான் கடைக் கணக்கையும் பிள்ளையின் கொப்பிக் காசையும் கட்டுகிறது. எனவே மழை சற்று விட்டதும் ஒருவர் மேலே ஏறுகிறார். "ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடுவேன்" என்கிறார். மழை விட்ட பிறகும் ஈரம் ஊறிய மண் சரியும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளி வந்தபோது, நாயையும் பூனையையும் சேர்க்காத தஞ்ச நிலையங்களுக்குப் போகமாட்டோம் என்று பலர் வெள்ளம் சூழ்ந்த வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே, அவசரகாலத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பின், 2013இல், விலங்கையும் கூட்டிக்கொண்டே வெளியேறுங்கள் என்று அரசு வழிகாட்டி வெளியிட்டது. அதற்காக ஒரே பாயில் படுக்கச் சொல்லவில்லை. சேர்ந்து வெளியேறுவது வேறு, ஒரே அறையில் தங்குவது வேறு என்பதையும் அவர்கள் விளக்கினார்கள். ஆனாலும் நமக்கு மிகக் கிட்டிய உதாரணம் பங்களாதேஷ். 1970ஆம் ஆண்டுப் பெரும் புயலுக்குப் பிறகு அங்கே கரையோரங்களில் உயரமான மண் மேடுகளைக் கட்டினார்கள். வெள்ளம் வந்தால் ஆட்களும் ஏறலாம், மாடுகளும் ஏறலாம். மாடு காப்பாற்றப்படும் என்று தெரிந்தால்தான் உழவன் வீட்டைவிட்டு வருவான் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

நம்மிடம் அப்படி ஒரு மேடு இல்லை. ஆனால் பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு மைதானமோ, கோயிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையோ அநேகமாக இருக்கும். ஒரு தறப்பாள், நான்கு கம்பம், கயிறு, தண்ணீர்ப் பீப்பா இருந்தால் தற்காலிகத் தொழுவம் ஆகிவிடும். கிணற்றுக்கும் சமையல் இடத்துக்கும் மேட்டுப்பக்கமாக அதை அமைக்காதீர்கள். சாணமும் மூத்திரமும் மழையோடு கீழேதான் வடியும். எலிக்காய்ச்சல் எலியால் மட்டும் வருவதில்லை, மாட்டு மூத்திரம் கலந்த நீராலும் வரலாம். காலில் புண் உள்ளவர்கள் அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். காய்ச்சல் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் உடனே சொல்லுங்கள்.

நாய் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். மண்டபத்துக்குள் கைக்குழந்தைகளும் நாய்க்குப் பயந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் முகம் சுளிப்பது நியாயம்தான். நாயைக் கட்டி வையுங்கள், விசர்நோய்த் தடுப்பூசி அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்தே பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். இடம் மாறிய நாய் பயத்தில் கடிக்கும், வீட்டில் சாதுவாக இருந்த நாயும்கூட. கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ பூச வேண்டாம்.

வெளியேறும் நேரம் பற்றி ஒன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் தருகிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அப்போது மாட்டைத் தேடிப் போக நேரமிருக்காது. மஞ்சள் வந்த அன்றே மாட்டை, ஆட்டைச் சரிவில்லாத இடத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு ஓட்டிவிடுங்கள். சிவப்பு திடீரென்று வந்துவிட்டால், கயிற்றை அறுத்துவிடுங்கள், கோழிக்கூட்டைத் திறந்துவிடுங்கள், ஓடுங்கள். அவிழ்த்துவிட்ட மாடு தானாக வழி தேடும், கட்டிய மாடு கட்டுத்தறியிலேயே மடியும். நாய் ஊளையிட்டால்தான் ஆபத்து என்று காத்திருக்கிறவர்களும் உண்டு. சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இனி, இந்தக் கையேட்டை நீங்கள் வாசிக்கும் காரணத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் புதிய இடம் காட்டப்படும். தோட்டப்புறத்தில் வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ் என்றுதான் காணி பற்றிப் பேசுகிறார்கள். அதில் வீடு, மலசலகூடம் போக மாடு எங்கே நிற்கும்? புல் எங்கே அறுப்பது? இதை யாரும் கேட்காவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? நீங்கள் புது வீட்டில் தூங்குவீர்கள், மாடோ பழைய லயத்துக்குப் பின்னால், வெடித்த மண்ணில், பழைய தொழுவத்திலேயே இருக்கும். விடிய ஒருமுறை, மாலை ஒருமுறை நீங்கள் அங்கே போவீர்கள். சில நாளில் மழைக்கு அங்கேயே தங்கியும் விடுவீர்கள். காகிதத்தில் மட்டும்தான் நீங்கள் இடம் மாறியிருப்பீர்கள்.

ஆகவே காணிக்குக் கையொப்பம் வைக்கும் முன், பொதுத் தொழுவத்துக்கு ஒரு துண்டு நிலம் கேளுங்கள். தனியாகக் கேட்டால் காதில் விழாது. மாடு வைத்திருக்கும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். உங்கள் பகுதி அரச மிருக வைத்தியரிடம் மாடுகளைப் பதிந்து வையுங்கள். செத்த மாட்டுக்கு நட்டஈடு கேட்கவும் அந்தப் பதிவு கைகொடுக்கும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயில்தான் இருக்கிறது. மிருக வைத்திய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நாட்டில் வேறெந்த மாவட்டத்துக்கும் இல்லாத வசதி இது, நம் கைக்கெட்டும் தூரத்தில்.

வாசலில் எங்கள் ஊழியர் ஒருவர் கொப்பியோடு இருக்கிறார். போகும்போது வீட்டு ஆட்களின் எண்ணிக்கையோடு மாடு, ஆடு, நாய், பூனை எத்தனை என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு கோழிதான் என்றாலும் சொல்லுங்கள், எழுதிக்கொள்வார்.