சித்திரை முட்டையும் அடைக்கோழியும்

கத்திரி பிறந்துவிட்டால் கோழி வளர்க்கிற வீடுகளில் இரண்டு புலம்பல் கேட்கும். "காலையில நல்லா மேய்ஞ்ச கோழி, மத்தியானம் சுருண்டு விழுந்திருச்சு" என்பது ஒன்று. "பன்னிரண்டு முட்டை வைச்சேன், ஒன்பது கூமுட்டை" என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கண்ணேறு, இரண்டாவதற்கு இடி என்று காரணமும் சொல்லிவிடுவோம். அடைக்கூடையில் இரும்புத் துண்டு, கரி, காய்ந்த மிளகாய் போட்டு வைக்கும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் உண்டு. போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலும் இந்த இரண்டு புலம்பலுக்கும் காரணம் வெயில்தான்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு இயல்பாகவே 41, 42 டிகிரி செல்சியஸ். வெளியில் 35 டிகிரியைத் தாண்டினால் அலகைத் திறந்து இரைக்கும். இறக்கையை உடம்பில் ஒட்டாமல் விரித்துக்கொண்டு நிற்கும். மூச்சோடு ஈரத்தை வெளியேற்றித்தான் அது தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. அப்படி இரைக்க இரைக்க, ரத்தத்திலுள்ள கரியமில வாயுவும் கூடவே போய்விடும். முட்டை ஓடு உருவாகச் சுண்ணாம்புச் சத்தோடு அந்த வாயுவும் வேண்டும். கோடையில் தோல்முட்டையும், கை பட்டால் நொறுங்கும் முட்டையும் வருவது இதனால்தான். கிளிஞ்சலை இடித்துச் சாயங்காலம் வையுங்கள். ஓட்டின் பெரும்பகுதி இரவில்தான் உருவாகிறது.

தீனியை வெயில் ஏறுமுன் ஒரு வேளை, வெயில் தாழ்ந்தபின் ஒரு வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரை செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும். முற்பகல் வயிறு முட்டத் தின்ற கோழிக்கு அந்தச் சூடும் பிற்பகல் வெயிலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அப்போது முதலில் சாய்வது கொழுத்த கோழிதான். தண்ணீர் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் கொதித்துக் கிடக்கும் தண்ணீரைக் கோழி சீந்தாது. மண் சட்டியில் ஊற்றி மரத்தடியில் வைத்து, பகலில் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். கூண்டுக்குத் தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்றைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். பருந்துக்குப் பயந்து குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: காலை 9 மணிக்கு நிழலாக இருந்த இடம் 12 மணிக்கு நிழலாக இருக்காது.

இனி அடைக்கு வருவோம். நாட்டுக்கோழி ஒரு சுற்றில் 12, 15 முட்டை இட்ட பிறகுதான் அடையில் உட்காரும். அதற்குள் முதலில் இட்ட முட்டைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். கருவுள்ள முட்டைக்கு 27 டிகிரிக்கு மேல் சூடு கிடைத்தாலே உள்ளே வளர்ச்சி மெல்லத் தொடங்கிவிடும். அடைக்கு வேண்டிய சூடு ஏறக்குறைய 37.5 டிகிரி. சித்திரை மாதத்தில் ஓட்டு வீட்டுப் பரண் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். தாய் உட்காருவதற்கு முன்பே கரு அரைகுறையாக வளர்கிறது; சூடு ஏறி இறங்கும்போது தாங்காமல் செத்துப்போகிறது. கோடைமழையின் இடியும் அதே மாதத்தில் வருவதால் பழி இடியின் மேல் விழுந்துவிட்டது.

இதற்கு வழி இருக்கிறது. நிழலான இடத்தில் ஈர மணலில் ஒரு பானையைப் பாதி புதைத்து, முட்டைகளைக் கூர்முனை கீழாக இருக்கும்படி அதில் வைத்து, வாயைத் துணியால் மூடுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் போதும். முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள பூச்சு போய்விடும். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு எடுக்காதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் பக்கத்து வீட்டு முட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். கோழி கணக்குக் கேட்காது.

முட்டையைக் காப்பாற்றுவதைவிட, அடையில் உட்கார்ந்த தாயைக் காப்பாற்றுவது முக்கியம். 21 நாளும் அவள் ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்தால் பெரிது. அனலில் இரைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். இடத்தைவிட்டு நகர மாட்டாள். கூடையை மூலையிலிருந்து எடுத்துக் காற்று வரும் இடத்தில் வையுங்கள். இடம் மாற்றுவதை இரவில் செய்தால் மிரள மாட்டாள். அடியில் மணல், மேலே வைக்கோல், அலகு எட்டும் தூரத்தில் தண்ணீர். வெயிலில் செள் (கோழிப்பேன்) பெருகிக் கடித்தால் அடையை விட்டே ஓடிவிடுவாள். வைக்கோலுக்கடியில் நொச்சித் தழை வைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். புரள்வதற்குச் சாம்பலும் மணலும் கலந்து ஒதுக்கமாகப் போட்டு வையுங்கள். ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்புகள் ஓடியிருந்தால் உயிர் இருக்கிறது. வெறும் வெளிச்சமாகத் தெரிவதை எடுத்துவிடலாம்.

அடை வேண்டாம் என்று நினைப்பவர்கள் கோழியின் மூக்குத் துளையில் இறகைச் செருகிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. இது வீண் கொடுமை. அடிப்பக்கம் காற்றோடுகிற கம்பிக் கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் வயிற்றுச் சூடு தணிந்து கேறல் நின்றுவிடும்.

வாத்துக்கு வருகிறேன். அறுவடை முடிந்த வயல்களில் மந்தை மந்தையாக மேய்கிற ஆரணி வாத்து நன்றாக முட்டையிடும். அடைக்கு உட்காருவது அரிது. அதனால் வாத்து முட்டையைக் கோழியின் அடியில்தான் வைக்கிறோம். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்தக் கூடுதல் ஒரு வாரத்தில் தாய் இளைத்துப்போவாள், தீனியைக் கூட்டுங்கள். எட்டு முட்டைக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு நாள்தோறும் முட்டைமேல் லேசாக வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்க வேண்டும். வாத்து முட்டைக்கு ஈரம் அதிகம் தேவை. பொரித்த குஞ்சுகளை உடனே குளத்தில் விடாதீர்கள். வாத்துத் தாயின் இறகிலுள்ள எண்ணெய் குஞ்சுமேல் படும். கோழித்தாயிடம் அந்த எண்ணெய் கிடைக்காது. குஞ்சு நனைந்து விறைத்துச் சாகும். முதல் நான்கு வாரம் குடிக்கத் தண்ணீர் மட்டும் போதும்.

வளர்ந்த வாத்துக்கு நீச்சல் குளம் இல்லாவிட்டாலும் தலை முழுவதும் முங்குகிற ஆழத்தில் தண்ணீர் வேண்டும். முட்டையைப் பெரும்பாலும் காலை 9 மணிக்குள் இட்டுவிடும். அதற்குமுன் திறந்துவிட்டால் முட்டை வயலுக்குத்தான். வற்றிய குட்டையில் மீன் செத்து அழுகிக் கிடந்தால் அந்தப் பக்கம் விடவே கூடாது. அழுகலில் உண்டாகும் நஞ்சு கழுத்தைத் தொங்கவைத்து, வாத்தைக் கொன்றுவிடும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளும், ஏராளமான வாத்துக் குஞ்சுகளும் செத்தன. காரணம், பூஞ்சை பிடித்த நிலக்கடலைத் தீவனம். வாத்துக்கு அந்தப் பூஞ்சை நஞ்சைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. நனைத்து வைத்த தீனி மிஞ்சினால் அன்றைக்கே கொட்டிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், கத்திரியில் அடை வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் முடிவு. தை, மாசியில் வைத்தால் பொரிப்பும் கூடும், தாயும் தப்பிப்பாள். கத்திரியில் கிடைக்கும் முட்டையைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுங்கள். குஞ்சு வேண்டுமென்றால் வெயில் தணியட்டும், ஆடிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.