முடி சூடியது முகமா, மொழியா?

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன் நண்பர் சிலர் புருவத்தை நெரித்தனர். மொழிக்கும் இனத்துக்கும் பாடாற்றுகின்ற மேடையில் அழகுப் போட்டியைப் பற்றி என்ன பேச்சு என்று வினவினர். அவர்க்கு நான் கூறும் விடை இது: நம் வீட்டுக் கூடத்திலே, நம் மக்கள் நடுவிலே, தொலைக்காட்சி வழியாக ஆண்டுதோறும் வந்து உட்கார்ந்து கொள்கின்ற ஒன்றைப் பற்றி நாம் பேசாதிருந்தால், அது வாய்மூடிக் கொள்ளுமா? அது பேசிக்கொண்டே இருக்கும். நம் பெண்மக்கள் கேட்டுக்கொண்டே இருப்பர்.

மேலும், நான் இப்போட்டிகளை வெறுத்தொதுக்கியவனாக இங்கு வரவில்லை. இறுதிச் சுற்று என்றால் கண்கொட்டாமற் பார்க்கின்ற சுவைஞனாகவே வந்திருக்கின்றேன். உப்புக் குறைந்ததை உண்டவன் சொல்வானா, உண்ணாதவன் சொல்வானா? உண்டவன் என்ற உரிமையாற் சொல்கின்றேன்.

தோழர்களே! இறுதிச் சுற்றில் என்ன நடைபெறுகின்றது? விளக்குகள் ஒளிர்கின்றன; இசை முழங்குகின்றது; பெண்கள் வரிசையாக நடந்து வருகின்றனர்; ஆடைகள் மாறுகின்றன. இவை யாவும் கண்ணுக்கு விருந்து. ஆனால் நெஞ்சைப் பிடித்து நிறுத்துவன அல்ல. கடைசியில் ஒரு கட்டம் வருகின்றது. எஞ்சி நிற்கும் சிலரை ஒவ்வொருவராக முன்னழைத்து, ஒரு வினாவைக் கேட்டு, ஒரு மணித்துளிக்குள் விடை கூறச் சொல்கின்றனர். அரங்கு அடங்குகின்றது. வீட்டில் பார்த்திருப்போரும் மூச்சை அடக்கிக் கொள்கின்றனர். அதுவரை பொம்மை போல் நடந்த பெண், அந்த ஒரு மணித்துளியிலே மாந்தராகின்றாள். எனக்கு இப்போட்டிகளில் உள்ள ஈடுபாடெல்லாம் அந்த மணித்துளியில்தான். என் மனக்குறையெல்லாமும் அதே மணித்துளியில்தான்.

எடுத்துக்காட்டாக ஒன்றை மட்டும் விரித்துரைக்கின்றேன். பெமினா என்னும் ஆங்கில மகளிர் இதழின் பெயரால் 1964 முதல் நடைபெற்று வருகின்ற இந்திய அழகிப் போட்டியில், 1994ஆம் ஆண்டின் இறுதிச் சுற்றைப் போல் இன்றளவும் பேசப்படுகின்ற சுற்று வேறில்லை. அப்படக்காட்சியை இன்றும் இளைஞர் தேடித் தேடிப் பார்க்கின்றனர். சுசுமிதா சென், ஐசுவரியா ராய் என்னும் இருவரும் பத்துக்கு 9.33 என ஒரே மதிப்பெண் பெற்று நின்றனர். முடியோ ஒன்று. ஆகலின் சமன் முறிப்பதற்கு ஆளுக்கொரு வினாக் கேட்டனர்.

ஒருவரிடம் கேட்ட வினா என்ன? நும் நாட்டின் ஆடைமரபைப் பற்றி யாது அறிவீர், அஃது எத்துணைக் காலமாக இருந்து வருகின்றது, நீர் எதனை உடுக்க விரும்புவீர் என்பது. மற்றவரிடம் கேட்ட வினா என்ன? அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் இரண்டில் வருகின்ற ஆண்மக்கள் இருவரின் பெயரைச் சொல்லி, வருங்காலக் கணவனிடம் இவ்விருவருள் எவருடைய பண்புகளை எதிர்பார்ப்பீர் என்பது!

நன்றாக எண்ணிப் பாருங்கள். ஒரு தட்டிலே பல்லாயிரம் ஆண்டு நெசவு. மறு தட்டிலே அயல்நாட்டுத் தொடர்கதையின் மாப்பிள்ளைமார். இரண்டாவது வினாவில் அறிவைக் காட்டுதற்கு இடம் எங்கே உள்ளது? செயற்கைக்கோள் தொலைக்காட்சி இந்நாட்டுக்குள் நுழைந்தே அப்போது மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. அந்தத் தொடர்களைக் கண்டிராத வீட்டுப் பெண் அவ்விடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? ஐசுவரியா அவ்விருவருள் ஒருவரைத் தேர்ந்து, ஏதுவும் கூறினார். அவ்வினாவுக்கு அதற்கு மேல் எவராலும் விடை கூற இயலாது.

முடிவு யாது? சுசுமிதாவுக்கு 9.41. ஐசுவரியாவுக்கு 9.39. ஒரு மதிப்பெண்ணை நூறாகப் பகுத்து, அதில் இரண்டு பங்கு வேறுபாடு! பொன் நிறுக்கும் தட்டான் கூட அத்துணை நுண்மையாக நிறுக்கத் தயங்குவான். நிறையோ அத்துணை நுண்மை. ஆனால் ஒரு தட்டில் வைத்த கல் வேறு, மறு தட்டில் வைத்த கல் வேறு. கல் வேறுபட்ட பின், நுண்மையால் ஆவதென்ன?

வென்றவரின் விடையையும் பார்ப்போம். ஆடைமரபெல்லாம் காந்தியடிகளின் கதரிலிருந்து தொடங்கியது என்னும் கருத்தில் அவர் விடை கூறினார். கைதட்டல் எழுந்தது. ஆனால் உண்மை என்ன? மொகஞ்சதாரோ அகழ்வில் வெள்ளிக் கலமொன்றை ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணுக்கு நாலாயிரம் ஆண்டுகட்கு முற்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிபுளுசு என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், உறையூரென்று அறிஞர் கொள்ளும் ஊரின் பெயரால் வழங்கிய மெல்லிய துணியைக் குறிக்கின்றது. நம் பொருநராற்றுப்படை, பாம்பின் சட்டையை ஒத்த மென்துகிலைப் பாடுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் கதர் ஒரு பெரும்போராட்டத்தின் கொடியே, அதில் ஐயமில்லை. ஆனால் அது தொடக்கமாகுமா?

அந்தப் பதினெட்டு அகவைப் பெண்ணை நான் குறை கூறவில்லை என்பதை உறுதியாகச் சொல்லிக் கொள்கின்றேன். ஆயிரம் விளக்குகளின் கீழ் நின்று, நொடிப்பொழுதில் விடை கூறுவது எளிதன்று. என் வினா நடுவரை நோக்கியது. விடையின் உண்மைக்கு மதிப்பெண் இட்டனரா, அது சொல்லப்பட்ட ஆங்கிலத்தின் ஒழுக்குக்கு இட்டனரா?

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அந்த இறுதிச் சுற்றுக்குச் சுசுமிதா உடுத்து வந்த உடை, தில்லிச் சரோசினி நகர்ச் சந்தையில் வாங்கிய துணியைக் கொண்டு, உட்பாவாடை தைக்கின்ற எளிய தையற்காரர் ஒருவர் தைத்துக் கொடுத்தது என்றும், கையுறைகள் கூடப் புதுக் காலுறைகளை வெட்டித் தைத்தவை என்றும் அவரே பின்னாளில் நேர்காணலிற் கூறியுள்ளார். இந்நாட்டின் ஆடைமரபு எதுவென்ற வினாவுக்கு அதைவிடச் சிறந்த விடை உண்டா? கைத்திறனுள்ள ஏழை ஒருவன், ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்காக அரண்மனை உடையைத் தைத்துத் தருகின்றான் அல்லனோ! அவ்விடை அவர் மேனி மீதே இருந்தது. அது நாவுக்கு வரவில்லை. வாராமற் போனதற்குக் கரணியம் என்ன?

அங்கேதான் மொழி வருகின்றது, தோழர்களே! சுசுமிதா வங்காளக் குடும்பத்தினர். ஐசுவரியாவோ துளுவைத் தாய்மொழியாகக் கொண்ட குடியிற் பிறந்தவர். துளு நம் தமிழோடு ஒரு குடும்பத்து மொழி. ஒருவர்க்கு வங்கம், ஒருவர்க்குத் துளு. இருவரையும் நிறுத்தி நிறுத்த மொழியோ ஆங்கிலம்! இந்தியாவின் அழகியைத் தேர்ந்தெடுக்க இந்தியாவின் எந்தத் தாய்மொழியும் உதவவில்லை.

அதே ஆண்டு மே மாதத்தில் மணிலாவில் நடந்த பேரண்ட அழகிப் போட்டியில் சுசுமிதா முடிசூடினார். அப்பட்டத்தை முதன்முதல் இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர் அவர். பெண்ணாயிருத்தலின் உட்பொருள் யாது என்பது அங்கு அவரிடம் கேட்ட இறுதி வினா. தாம் இந்திவழிப் பள்ளியிற் பயின்றமையால் அக்காலத்தில் தமக்கு ஆங்கிலம் அத்துணைப் பழக்கமன்று என்றும், அவ்வினாவிலிருந்த முதன்மையான சொல்லை எங்ஙனம் விளங்கிக் கொண்டேன் என்பது தமக்கே வியப்பு என்றும் அவர் பின்னாளில் மனந்திறந்து கூறினார். ஒரு சொல்! அந்த ஒரு சொல் பிடிபடாமற் போயிருந்தால், அவருடைய அறிவும் துணிவும் அன்பும் அங்கேயே புதைந்து போயிருக்கும். ஒரு சொல் பிடிபடாமையால் புதைந்து போன பெண்கள் எத்துணைப் பேரோ, அவர்தம் பெயரை நாம் அறியோம்.

ஆங்கிலம் உலகமொழி, உலகப் போட்டிக்கு அது வேண்டுமே என்பார் உளர். அவர்க்கு ஒன்று கூறுவேன். அதே பேரண்ட அழகிப் போட்டியிலே, மொழிபெயர்ப்பாளரைத் துணைகொண்டு தன் மொழியிலேயே விடை கூறுதற்குப் போட்டியாளர்க்கு உரிமை உண்டு. இலத்தீன் அமெரிக்கப் பெண்கள் இசுப்பானிய மொழியிலே விடை கூறுவதை எத்துணை முறை பார்த்திருக்கின்றோம்! 2018இல் பாங்காக்கில் நடந்த போட்டியில் வியத்துநாம் நாட்டின் சார்பில் வந்தவர், எதே என்னும் சிறுபான்மை இனத்துப் பெண். அவர்க்கும் கம்போடியப் பெண்ணுக்கும் ஆங்கிலம் வாராமையை அமெரிக்க அழகி எள்ளிப் பேசியது படக்காட்சியாக வெளிவந்தது. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. எள்ளியவர் மன்னிப்புக் கேட்டார். எள்ளப்பட்ட வியத்துநாம் பெண்ணோ, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் இறுதி ஐவருள் ஒருவராக நின்றார். உலக மேடை தாய்மொழிக்கு இடங்கொடுக்கின்றது. அவ்வுலக மேடைக்கு ஆள் அனுப்புகின்ற உள்நாட்டு மேடை ஆங்கிலத்தையே கட்டிக்கொண்டு அழுகின்றது!

இது யாரைச் சுடுகின்றது? ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற செல்வர் வீட்டுப் பெண்ணை அன்று. 2020ஆம் ஆண்டுக்குரிய இந்திய அழகிப் போட்டியில் அடுத்த இடத்தில் நின்ற மானியா சிங்கு, தானி ஓட்டுநர் ஒருவரின் மகள். 2018இல் இந்திய அழகியாக முடிசூடிய அனுகீர்த்தி வாசு, நம் திருச்சிராப்பள்ளிப் பெண்; தாய் ஒருவராலேயே வளர்க்கப்பட்டவர். வெற்றி, தோல்வி இரண்டனுள் சிறந்த ஆசான் எது என்று அவரைக் கேட்டனர். தோல்வியே என்று அவர் விடையிறுத்தார். நல்ல விடை, பட்டறிவினின்று வந்த விடை. ஆனால் திருச்சியில் ஊறிய அவ்வுணர்வு, மும்பை மேடையில் ஆங்கிலம் உடுத்தே வெளிவர வேண்டியிருந்தது. எளிய குடும்பத்துப் பெண்களுக்கு இம்மேடை ஓர் ஏணி என்பதை நான் மறுக்கவில்லை. ஏணியின் முதற்படியே ஆங்கிலமாக இருப்பதைத்தான் மறுக்கின்றேன்.

விதி அவ்வாறிருக்கின்றது, நாம் என்ன செய்ய இயலும் என்று சோர்வோர்க்கு ஒரு வரலாறு சொல்கின்றேன். அமெரிக்க அழகிப் போட்டி 1921இல் அட்லாண்டிக்கு நகரில் தொடங்கியது. 1954இல் முதன்முதல் தொலைக்காட்சியில் வந்தது. வெள்ளையினப் பெண்களே பங்கேற்கலாம் என்று அதன் விதியேட்டில் ஒரு காலத்தில் எழுதியே வைத்திருந்தனர். 1950இல் அவ்விதி போயிற்று. ஆயினும் கறுப்பினப் பெண் ஒருவர் அந்நாட்டளாவிய மேடையேற 1970 ஆயிற்று. வனேசா வில்லியம்சு என்னும் கறுப்பினப் பெண் முடிசூட 1983 ஆயிற்று. 2013இல் தெலுங்குக் குடும்பத்திற் பிறந்த நீனா தவுலூரி முடிசூடினார். நீச்சலுடைச் சுற்றையும் 2018இல் நீக்கிவிட்டனர். இவை தாமே நிகழ்ந்தனவா? தெருவில் நின்று எதிர்த்தவரும் இருந்தனர். வீட்டிலிருந்து பார்த்தபடியே வினவியவரும் இருந்தனர். விதி கல்லெழுத்தன்று. பார்ப்பவன் கேட்டால் நடத்துபவன் மாற்றியே தீர வேண்டும். ஏனெனில், பார்ப்பவனை நம்பித்தான் அவன் வணிகம் நடக்கின்றது.

ஆகவே சுவைஞன் என்ற முறையில் என் வேண்டுகை மூன்று. ஒன்று: இறுதியில் நிற்போர் அனைவர்க்கும் ஒரே வினாவைக் கேளுங்கள், ஒருவர் விடை கூறும்போது மற்றவர் காதில் விழாதபடி செய்யுங்கள். இரண்டு: அவரவர் தாய்மொழியில் விடை கூற உரிமை கொடுங்கள், மொழிபெயர்ப்பாளரை அமர்த்துங்கள். இத்துணைப் பெருஞ்செலவில் மேடை அமைப்போர்க்கு அது பெருஞ்செலவாகாது. மூன்று: எந்த நடுவர் எதற்காக எத்துணை மதிப்பெண் இட்டார் என்பதை வெளிப்பட அறிவியுங்கள். இம்மூன்றும் நடந்தால், முடி எவர் தலையில் ஏறினும் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

தாய்மாரே! உங்களிடமும் ஒன்று வேண்டுகின்றேன். அடுத்த முறை இறுதிச் சுற்று உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும்போது, நடுவர் கேட்கின்ற வினாவை உடனே தமிழாக்கி உங்கள் மகளிடம் கேளுங்கள். அவள் தமிழிலே விடை சொல்லட்டும். அவள் விடை மேடையில் ஒலித்ததைவிட மேலானதாக இருக்கக்கூடும். அதனை அவளும் அறிய வேண்டும். நீங்களும் அறிய வேண்டும். தனக்கு விடை தெரியும், தெரியாதது அயல்மொழி மட்டுமே என்று உணர்ந்த பெண், எந்த மேடையிலும் தலைகுனிய மாட்டாள்.