கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாத கம்ப்யூட்டர்

(நமது அறக்கட்டளை அரங்கில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





கல்வி உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் "பிள்ளைக்கு ஒரு லேப்டாப்" என்ற வரி இப்போது அதிகமாக வருகிறது. கேட்பவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கிக் கொடுத்த வீடுகளில் அது என்ன ஆகிறது என்பதும் தெரியும். உம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார். "தொடாதே, கெட்டுப்போகும். அத்தா சபரிலிருந்து வரட்டும்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவ்வளவு விலையுள்ள பொருளை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் யார்தான் கழற்றிப் பார்க்கக் கொடுப்பார்கள்?

இதோ, எங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள். ஏடிஎம் கார்டு அளவுதான். பெட்டி இல்லை, திரை இல்லை. பச்சைப் பலகையில் சில சில்லுகளும் சொருகும் வாய்களும் மட்டும். இது முழுமையான ஒரு கம்ப்யூட்டர். ஒரே பலகையில் எல்லாம் அடங்கியிருப்பதால் இந்த வகையைச் சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் என்கிறார்கள். இதன் பெயர் ராஸ்பெரி பை.

இது பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். கம்ப்யூட்டர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. வருகிறவர்களுக்கும் புரோகிராம் எழுதிய பழக்கம் இல்லை. 1980-களில் அந்நாட்டுப் பிள்ளைகளின் வீட்டிலும் பள்ளியிலும் பிபிசி மைக்ரோ போன்ற சிறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. சுவிட்சைப் போட்டால் விளையாட்டு வராது. 'என்ன செய்யட்டும்?' என்பதுபோல் காலித் திரை காத்திருக்கும். பிள்ளைகள் எதையாவது எழுதிப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். பிறகு வந்த கம்ப்யூட்டர்கள் பயன்படுத்துவதற்கு எளிதாயின. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் வழிதான் அடைபட்டது.

அதற்காக அவர்கள் 2009-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஆம், நம்முடையது போல அறக்கட்டளைதான். 2012 பிப்ரவரி 29 அன்று முதல் பலகை 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அந்தப் பலகையில் மஞ்சள் நிற வீடியோ வாய் ஒன்றும் இருந்தது, பழைய டியூப் டிவியிலும் மாட்டுவதற்காக. 2015-இல் 5 டாலர் விலையில் பை ஜீரோ என்ற சிறிய பலகை வந்தபோது, அதைத் தங்கள் பத்திரிகையின் அட்டையில் வைத்து இலவசமாகவே கொடுத்தார்கள். நம் ஊரில் ஷாம்பு பாக்கெட் வைத்துக் கொடுப்பதுபோல!

"கையில் ஃபோன் இருக்கிறதே, அது போதாதா?" என்று ஒரு சகோதரி கேட்டார். ஃபோனில் பிள்ளை பார்க்கலாம், கேட்கலாம், அனுப்பலாம். ஒன்றைத் தானே உருவாக்குவதற்கு அது தோதான கருவி அல்ல. இந்தப் பலகையில் ஸ்கிராட்ச், பைத்தான் என்று புரோகிராம் எழுதும் வசதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓரத்தில் இருக்கும் 40 கம்பிமுனைகளில் விளக்கு, மணி, வெப்பமானி என்று மாட்டி, பிள்ளை எழுதியபடி இயக்கலாம். எங்களுக்கு மிகவும் பிடித்தது வேறு. இதில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. எல்லாம் நகம் அளவு மெமரி கார்டில் இருக்கிறது. பிள்ளை எதையோ அழித்து, எல்லாம் நின்றுபோனால் திட்ட வேண்டியதில்லை. கார்டைக் கழற்றி மறுபடி எழுதினால் அரை மணி நேரத்தில் புதிதுபோல் ஆகிவிடும். கம்பிமுனையில் 3.3 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் மட்டும் பலகையே போய்விடலாம். அதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவோம்.

இன்டர்நெட் பற்றிய உங்கள் கவலையும் எங்களுக்குத் தெரியும். இது இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு கார்டில் இறக்கி வைத்துக்கொண்டால், அறையில் உள்ள பிள்ளைகள் வெளி இணைப்பே இல்லாமல் படிக்கலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும், உங்கள் பணம் அல்லவா? பலகை மலிவு என்பது பாதிக் கணக்குதான். அடாப்டர், கார்டு, எச்டிஎம்ஐ கேபிள், கீபோர்டு, மவுஸ், திரை எல்லாம் தனிச் செலவு. பழைய செல்போன் சார்ஜர் போதாது. பை 4 பலகைக்கு 3 ஆம்பியர் வேண்டும். விண்டோஸுக்கென்று செய்த டேலி, ஆட்டோகேட் இதில் ஓடாது. கல்லூரியில் அவை தேவைப்படும் பிள்ளைக்கு லேப்டாப்தான் வேண்டும். அந்த மனுக்களை முன்போலவே பரிசீலிப்போம்.

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு பை 4 பலகையை டிவியில் மாட்டி, தொழுகை நேரம் காட்டும்படி செய்து, இதே அரங்கில் சோதனைக்கு வைத்தோம். அழகாக ஓடியது. பள்ளிவாசலுக்கே கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். ஒருநாள் கரண்ட் போய் வந்தது, இன்டர்நெட்டும் இல்லை. திரையில் நேரம் அரை மணிக்கு மேல் பின்தங்கி நின்றது. கரண்ட் இல்லாதபோதும் நேரத்தை ஓட்டும் பேட்டரிக் கடிகாரம் இந்தப் பலகையில் கிடையாது. கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்துதான் மறுபடி எண்ணத் தொடங்கும். ரமலானில் இதைப் பார்த்து ஸஹர் செய்திருந்தால், ஃபஜ்ர் நேரம் வந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். அல்லாஹ் காப்பாற்றினான்.

பிறகு பட்டன் பேட்டரியுடன் ஓடும் டிஎஸ் 3231 என்ற சிறு கடிகாரத்தை அதில் பொருத்தினோம். 2023-இல் வந்த பை 5 பலகையில் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரியை மட்டும் நாம் மாட்ட வேண்டும். ஆனாலும் ரமலான் முடியும்வரை அது அரங்கிலேயே இருக்கட்டும், பள்ளிவாசலில் அச்சிட்ட அட்டவணையே தொடரட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். கரண்ட் திடீரென்று போனால் கார்டும் பழுதாகலாம் என்பதால், வகுப்பு அறைக்கு ஒரு யுபிஎஸ் வாங்கியிருக்கிறோம்.

இப்போது நம்மிடம் மூன்று பலகைகள் உள்ளன. பொது ஸதகா நிதியிலிருந்து வாங்கியவை. ஜகாத் நிதியைத் தொடவில்லை. இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் முதல் சனிக்கிழமை அஸருக்குப் பின் பெண் பிள்ளைகளுக்கும், ஞாயிறு அஸருக்குப் பின் ஆண் பிள்ளைகளுக்கும் வகுப்பு. கட்டணம் இல்லை. தாய்மார்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம், கற்றுக்கொள்ளலாம். வீட்டில் சும்மா கிடக்கும் எச்டிஎம்ஐ வாய் உள்ள டிவி, கீபோர்டு, மவுஸ் இருந்தால் அலுவலகத்தில் கொடுங்கள். திரை ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும்.