முதல்ல கேளுங்க, அப்புறம் கை கொடுங்க

மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைப்பணி செய்ய முன்வந்தவர்களுக்கான அறிமுக வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்



இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில் நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குறேன். பார்வை மாற்றுத்திறனாளி ஒருத்தர், மின்சார ரயில்ல கடலை மிட்டாய், பேனா விக்கிறவர். அவரை ஒரு அரசு அலுவலகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஊழியர் என்னைப் பார்த்து, “இவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். நான் யோசிக்காம, “உதவித்தொகைக்கு வந்திருக்கோம்” என்றேன். விண்ணப்பம் கொடுத்தாங்க. நானே பூர்த்தி செய்தேன். கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த அண்ணன், “ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க தம்பி” என்றார். படிச்சேன். “நான் சின்னக் கடை வைக்க வங்கிக் கடனுக்கு வந்தேன். உதவித்தொகை ஏற்கெனவே வருது” என்றார்.

அதுக்குள்ள கவுண்டர் மூடிட்டாங்க. அவருக்கு ஒரு நாள் வியாபாரம் போச்சு. என்னைத் திட்டல. “அவர் உங்களைக் கேட்டாலும், நீங்க என்னைக் கேட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். இன்னைக்கு நான் சொல்லப் போற எல்லாமே அந்த ஒரு வாக்கியத்துக்குள்ள அடங்கும்.

எது நம்ம வேலை, எது இல்லை?

குளிப்பாட்டுறது, உடை மாத்துறது, கழிப்பறை உதவி, ஊட்டி விடுறது, தூக்கி உட்கார வைக்கிறது – இதெல்லாம் உடல் பராமரிப்பு. அதுக்குத் தனிப் பயிற்சி வேணும். நான் இங்க பேசுறது அது அல்லாத துணைப்பணி. வங்கிக்கும் மருத்துவமனைக்கும் கூடப் போறது, கடிதம் படிச்சுச் சொல்றது, ஆன்லைன் விண்ணப்பம் போட உதவுறது, தேர்வுல சொல்வதை எழுதுறது, பஸ்ல தனியாப் போகப் பழக்குறது, கடைக்குக் கூடப் போறது. ‘நமக்கு நர்சிங் தெரியாதே, இந்த வேலை சரிவருமா’ என்று தயங்குறவங்க நிறைய பேர். இதுக்கு நர்சிங் தெரிய வேண்டாம். பொறுமை வேணும், நேரத்துக்கு வரணும், வாயைக் கொஞ்சம் கட்டணும்.

எல்லை தெரிஞ்சிருக்கிறது ரொம்ப முக்கியம். பாசத்துல ஒருத்தரைத் தப்பா தூக்கினா அவருக்குத் தோள் விலகலாம், உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கலாம். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறதும் நம்ம வேலை இல்லை. ஆனா இதையெல்லாம் வழியில வச்சு, “அது என் வேலை இல்லீங்க” என்று சொன்னா அவர் நடுத்தெருவுல நிப்பார். அதனால முதல் நாளே உட்கார்ந்து பேசிடுங்க. வெளியே இருக்கும்போது கழிப்பறை போகணும்னா எப்படி? உதவி தேவைப்பட்டா யார் வருவாங்க? வலிப்பு மாதிரி ஏதாவது வருமா? வந்தா யாரைக் கூப்பிடணும்? இதைக் கேட்க கூச்சப்பட்டா, அப்புறம் இரண்டு பேருக்கும் சங்கடம்.

கையும் காலும் பழக வேண்டிய விஷயங்கள்

பார்வை இல்லாதவரோட கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகாதீங்க. உங்க முழங்கைக்கு மேல அவர் பிடிச்சுக்கட்டும். நீங்க அரை அடி முன்னால நடந்தாப் போதும். உங்க உடம்பு திரும்புறதுலயே அவருக்கு வழி தெரியும். படி வந்தா நின்னு, ஏறுற படியா இறங்குற படியா என்று சொல்லுங்க. நாற்காலியில அவரைப் பிடிச்சு அமுக்க வேண்டாம். நாற்காலி முதுகுல அவர் கையை வச்சா, அவரே உட்கார்ந்துப்பார். விலகிப் போகும்போது “போயிட்டு வர்றேன்” என்று சொல்லிட்டுப் போங்க. ஆள் இல்லாத இடத்தைப் பார்த்து அவர் பேசிட்டு இருக்கிறதைப் போல அவமானம் வேற இல்லை.

பணம் வாங்கினா ஒவ்வொரு நோட்டையும் மதிப்பைச் சொல்லி அவர் கையில வையுங்க. ரூபாய் நோட்டை அடையாளம் சொல்ற ‘மணி’ என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020ல வெளியிட்டிருக்கு. அவர் போன்ல இல்லைன்னா, அவரைக் கேட்டுட்டுப் போட்டுக் கொடுங்க. அப்புறம் உங்க கண்ணை அவர் நம்பியிருக்க வேண்டியதில்லை.

வீல்சேர் தள்ளுறவங்களுக்கு நாலு விஷயம். நிறுத்தினா இரண்டு பக்கமும் பிரேக் போடுங்க. கைப்பிடிக் கட்டையைப் பிடிச்சுத் தூக்காதீங்க, சில வண்டியில அது கழண்டு வந்துடும். செங்குத்தான சாய்தளத்துல இறங்கும்போது பின்பக்கமாத் திருப்பி மெதுவா இறக்குங்க. ‘தள்ளட்டுமா’ என்று கேட்காம தொடாதீங்க, அந்த நாற்காலி அவர் உடம்போட ஒரு பகுதி மாதிரி.

காது கேளாதவரோட போனா, பேசுற எல்லாரும் உங்க முகத்தைத்தான் பார்ப்பாங்க. “அவரைப் பார்த்துப் பேசுங்க” என்று சொல்றது உங்க வேலை. சைகை மொழி தெரியாம, தெரிஞ்ச மாதிரி கையை ஆட்டாதீங்க. பேச்சைக் கேட்டு எழுத்தாக் காட்டுற செயலிகள் இப்ப தமிழ்லயும் இருக்கு. அது சாதாரணப் பேச்சுக்கு உதவும். மருத்துவர் நோயைப் பத்திச் சொல்லும்போதும், காவல் நிலையத்திலும் பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்தான் வேணும். செயலி ஒரு வார்த்தையைத் தப்பா எழுதினா, விளைவு அவர் தலையில விழும்.

போன்ல உதவும்போது

இப்ப பாதி வேலை போன்லதான். யுடிஐடி என்ற தனித்துவ அடையாள அட்டையையே எடுத்துக்குங்க. விண்ணப்பம் ஆன்லைன்ல போடலாம், மருத்துவப் பரிசோதனை முடிஞ்சு அட்டை வரும். அட்டையில மூணு நிறம் உண்டு. 40 சதவீதத்துக்குக் கீழேன்னா வெள்ளை, 40லிருந்து 80க்குள்ளேன்னா மஞ்சள், 80ம் அதுக்கு மேலேயும்னா நீலம். அரசுத் திட்டங்கள் பலதுக்கும் 40 சதவீதம்தான் அடிப்படை அளவு.

இங்க நிறைய பேர் செய்ற தப்பு என்ன தெரியுமா? அவசரத்துல தன்னோட செல்போன் நம்பரைப் போட்டுடுவாங்க. அப்புறம் ஓடிபி எல்லாம் அவங்களுக்கு வரும். வேலையை விட்டுட்டுப் போன பிறகு, அந்த மாற்றுத்திறனாளி தன் விண்ணப்பம் எங்க இருக்குன்னுகூடப் பார்க்க முடியாது. அவர் நம்பரையே போடுங்க. இல்லைன்னா அவர் சொல்ற குடும்பத்தார் நம்பரைப் போடுங்க. அனுப்புற பொத்தானை அழுத்துறதுக்கு முன்னாடி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டுங்க. ஆதார், மருத்துவச் சான்று எதையாவது உங்க போன்ல படம் எடுத்திருந்தா, வேலை முடிஞ்சதும் அவர் முன்னாடியே அழிச்சிடுங்க. கேலரியில மட்டும் அழிச்சாப் போதாது, வாட்ஸ்அப்பிலும் குப்பைத் தொட்டியிலும் இருக்கும்.

ஏடிஎம் பின் நம்பர் உங்களுக்குத் தெரியவே கூடாது. அவரே சொல்ல வந்தாலும், “வேண்டாங்க” என்று சொல்லுங்க. நாளைக்குக் கணக்குல நூறு ரூபாய் குறைஞ்சாலும் சந்தேகம் உங்க மேலதான் வரும். அது உங்களுக்குப் பாதுகாப்பு, அவருக்கும் பாதுகாப்பு.

தேர்வு எழுதப் போறவங்களுக்கு

சொல்வதை எழுதுபவர், ஸ்க்ரைப்னு சொல்றோமே, அந்த வேலைக்குக் கல்லூரி மாணவர்கள் நிறைய பேர் வர்றீங்க. சந்தோஷம். அவர் சொல்றதை அப்படியே எழுதணும். தப்புன்னு தெரிஞ்சாலும் திருத்தக் கூடாது, புருவத்தைக்கூடத் தூக்கக் கூடாது. அது அவர் தேர்வு. நீங்க திருத்தி எழுதி அது தெரிய வந்தா அவர் வருஷமே போயிடும். ஸ்க்ரைபோட கல்வித்தகுதி என்ன இருக்கணும், அடையாள அட்டை எப்ப கொடுக்கணும் என்பதெல்லாம் தேர்வுக்குத் தேர்வு மாறும். அறிவிப்பைப் படிச்சுட்டு ஒத்துக்குங்க. ஒரு நாள் முன்னாடியாவது அவரோட உட்கார்ந்து எழுதிப் பாருங்க. அவர் வேகம் உங்களுக்குப் பழகணும், உங்க குரல் அவருக்குப் பழகணும். தேர்வன்னைக்கு வர முடியாதுன்னா, ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க. காலையில ஒன்பது மணிக்கு “காய்ச்சல்” என்று வர்ற ஒரு மெசேஜ், அவரோட ஒரு வருஷப் படிப்பை வாசல்லயே நிறுத்திடும்.

பஸ்ல ஒரு பாடம்

அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு தம்பி. வயசு 22. ஆறு ஸ்டாப் தள்ளி, காகிதக் கவர் செய்ற ஒரு பயிற்சி மையத்துல வேலை. தினமும் அம்மாதான் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வருவாங்க. அதனால அவங்க தையல் வேலையே நின்னு போச்சு. அவனைத் தனியாப் போகப் பழக்கச் சொன்னாங்க.

முதல் இரண்டு வாரம் பக்கத்துல உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டி தெரிஞ்சா எழுந்திருக்கணும், அடுத்த ஸ்டாப்ல இறங்கணும் என்று சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தேன். அப்புறம் இறங்குற ஸ்டாப்ல போய் நின்னேன். எல்லாம் சரியாப் போச்சு. ஒரு நாள் கோயில் திருவிழாவுக்காக பஸ்ஸை வேற தெருவுல திருப்பி விட்டாங்க. தண்ணீர்த் தொட்டி வரவே இல்லை. தம்பி எழுந்திருக்கவும் இல்லை. நேரா பணிமனை வரைக்கும் போயிட்டான்.

நாற்பது நிமிஷம் அவன் எங்கன்னு தெரியல. அவங்க அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுல நிக்குது. கழுத்துல தொங்கின அட்டையைக் கண்டக்டர் பார்த்துட்டு போன் பண்ணினார். “உங்களை நம்பித்தானே விட்டேன்” என்றாங்க அம்மா. நான் எதுவும் பேசல. அவங்க சொன்னதுல தப்பு இல்லை. தொட்டி வந்தா என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுத்தேன், வராட்டி என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுக்கல. அட்டையை மாட்டி விட்டேன், அதை எடுத்துக் காட்டப் பழக்கல.

பத்து நாள் கழிச்சு அந்த அம்மாவே கூப்பிட்டாங்க. “அவன்கிட்டயே கேளுங்க” என்றாங்க. கேட்டேன். “நாளைக்குப் போலாம்” என்றான். இந்தத் தடவை முதல் பாடமே, ஏறினதும் அட்டையைக் கண்டக்டர்கிட்ட காட்டுறது. பஸ் வேற வழியில போனா என்ன கேட்கணும்னு வேணும்னே வேற பஸ்ல ஏறிப் பழகினோம். இப்ப தனியாப் போறான். அம்மா மறுபடியும் தையல் மெஷின்ல உட்கார்ந்துட்டாங்க.

ஆபத்தே வராம பார்த்துக்கிறேன்னு ஒருத்தரை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்ட முடியாது. ஆனா மாற்று வழியைச் சொல்லிக் கொடுக்காம வெளியே விடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவுலதான் நம்ம வேலை இருக்கு.

எங்கிருந்து தொடங்குறது?

உங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல போய்க் கேளுங்க. உங்க பகுதியில இருக்கிற சிறப்புப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், ‘விழுதுகள்’ சேவை மையம் பத்தித் தெரிஞ்சுக்கலாம். முறையாப் படிக்கணும்னா, இந்திய மறுவாழ்வு கவுன்சில் சமுதாயம் சார்ந்த பணிக்காக ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை 2021ல தொடங்கியிருக்கு. சைகை மொழிபெயர்ப்புக்குத் தனிப் பட்டயப் படிப்பு உண்டு. முட்டுக்காட்டுல இருக்கிற தேசிய நிறுவனத்தின் பயிற்சி அறிவிப்புகளையும் பார்த்துட்டு இருங்க. காவல்துறை இணையதளத்துல நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிச்சு வாங்கி வையுங்க. கேட்கிறதுக்கு முன்னாடியே காட்டினா அந்தக் குடும்பத்துக்கு நிம்மதி.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிஞ்சு வையுங்க. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுது, அரசு வேலையில 4 சதவீத இடஒதுக்கீடு தருது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளியோட துணைக்கு வர்ற ஒருத்தருக்கும் கட்டணம் இல்லை. தனியாப் பயணிக்க முடியாதவங்களுக்கு ரயில்ல கிடைக்கிற சலுகை கூட வர்றவருக்கும் உண்டு. இதைத் தெரிஞ்சு வச்சா, வழியில வாக்குவாதம் இல்லாம நகரலாம்.

சம்பளத்தையும் வெளிப்படையாப் பேசுங்க. சிலது தொண்டு, சிலது மணிக் கணக்கு, சிலது மாதச் சம்பளம். எத்தனை மணி நேரம், பயணச் செலவு யாருடையது, லீவுன்னா எத்தனை நாள் முன்னாடி சொல்லணும் என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது எழுதிக்குங்க. ‘சேவைதானே’ என்று வாயை மூடிட்டு இருந்து, மூணாவது மாசம் மனக்கசப்புல நிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். திடீர்னு நிறுத்தினா அதிகம் பாதிக்கப்படுறது அந்த மாற்றுத்திறனாளிதான்.

கடைசியா ஒண்ணு. அந்த ரயில் வியாபாரி அண்ணனை அடுத்த வாரமே மறுபடியும் அதே அலுவலகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த ஊழியர் மறுபடியும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், “இவருக்கு என்ன வேணும்?” நான் ஒரு அடி பின்னால நகர்ந்து நின்னேன். அண்ணன் பேசினார்.

நீங்களும் அந்த ஒரு அடி நகரப் பழகிட்டா, பாதி வேலை கத்துக்கிட்ட மாதிரி. மீதி, கூடப் போகப் போக அவங்களே சொல்லிக் கொடுப்பாங்க.