பிள்ளையை வைத்துப் பேரமா?
(பொன்மலையில் ஆற்றிய உரை)



கூலியும் போனசும் பேசிப் பழகிய நாம் இன்று பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். புருஷனும் பெண்ஜாதியும் பிரிந்து, திருச்சி குடும்பநலக் கோர்ட்டுக்கு அலையும் குடும்பங்கள் ரயில்வே குடியிருப்பிலும் உண்டு, லால்குடிப் பக்கத்து வயற்காட்டுத் தெருக்களிலும் உண்டு.

"ஜீவனாம்சம் தரவில்லை, பிள்ளையைக் காட்டமாட்டேன்" என்கிறாள் தாய். "பிள்ளையைக் காட்டவில்லை, பணம் தரமாட்டேன்" என்கிறான் தகப்பன். சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேசுகிற பேரம்தான் இது! சட்டத்தில் இதற்கு இடமில்லை. பாக்கி ஜீவனாம்சத்துக்குத் தனி மனு. பார்வைக்குத் தனி மனு. ஒன்றுக்காக மற்றதை நிறுத்தினால் பட்டினி கிடப்பது பிள்ளைதான்.

1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டமும், 1956ஆம் வருஷத்து இந்து மைனர் சட்டமும் பிள்ளையின் நலனைத்தான் பார்க்கச் சொல்லுகின்றன. 1973ல், சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையுமல்ல, விளையாட்டுப் பொம்மையுமல்ல என்றது சுப்ரீம் கோர்ட். பிரிந்தாலும் இருவரின் அன்பும் பிள்ளைக்கு உரிமை என்று 2020ல் இன்னொரு வழக்கில் சொன்னது.

அடித்து உதைத்தவனுக்கும் இந்தப் பார்வை உண்டா? தாய்மார்கள் கேட்பது நியாயமே. பிள்ளைக்குக் கேடு வருமென்றால் பார்வையை மறுக்க, 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு மாஜிஸ்டிரேட்டுக்கு அதிகாரம் தருகிறது.

இனி, நமக்கென்றே உள்ள சங்கடம். "இத்தனையாம் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, கோர்ட் வளாகத்தில்" என்று உத்தரவு வருகிறது. கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்தவன் தூக்கக் கலக்கத்தோடு ஓடவேண்டும். நடவு நாளில் ஒருத்தி கூலியை விட்டு, பஸ் சார்ஜும் கொடுத்து, பிள்ளையைத் தூக்கிவர வேண்டும். தினக்கூலிக்கு ஏது சனி, ஏது ஞாயிறு? ஒரு நாள் தவறினால், "உத்தரவை மீறினாள்" என்று எதிர்மனு!

பேசாமல் இருந்துவிடக் கூடாது. பிள்ளையை ஒப்படைக்கும் உத்தரவு கல்லில் வெட்டியதல்ல. இரு தரப்பும் சம்மதித்து வாங்கிய உத்தரவைக்கூட, பிள்ளையின் நலனுக்காக மாற்றலாம் என்று அதே 1973ஆம் வருஷத் தீர்ப்பு சொல்லுகிறது. ஷிப்ட் நேரத்தைக் காட்டிக் கேளுங்கள்: மாலை நேரம் கேளுங்கள், வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம் கேளுங்கள், பஸ் சார்ஜை யார் தருவது என்றும் கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் உண்டு. மாவட்டக் கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். ஷிப்ட் சீட்டையும், பழைய உத்தரவின் நகலையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.