ஒரு கட்டுரையின் விலை

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. அட்டனை அடுத்த எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்திக்குத் தேயிலைக் கொப்புள நோய் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வேண்டியிருந்தது. அயல்நாட்டுச் சஞ்சிகையொன்று அதற்கு 30 டொலர் கேட்டது. டொலரோ அப்போது ஏறத்தாழ 360 ரூபா. ஆக, 10,800 ரூபா. கொழுந்து பறிக்கும் அவள் தாயாரின் நாட்சம்பளம் 1,000 ரூபா. பதினொரு நாட் கூலிக்கு ஒரே கட்டுரை! ஆண்டுச் சந்தாவை யார் நினைப்பது?

அந்நோய் 1946இல் இத்தீவினுள் புகுந்தபோது, தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் அதனோடு போராடியது இம்மலைகளிலேதான். இன்று அதைப் பற்றிப் படிக்க நாம் கட்டணம் செலுத்த வேண்டும்!

இந்திய அரசு 2025 முதல் மூன்றாண்டுச் சந்தாவுக்கென 6,000 கோடி ரூபா ஒதுக்கியது, அதுவும் உயர்கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுக்கே, பள்ளிக்கூடங்களுக்கு அன்று.

எங்கள் மாணவி கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதினாள். நான்காம் நாள், விலையின்றிப் பிரதி வந்தது.