நான்முகி வலையும் நம் பொறுப்பும்
(புரோத்ராபூர் கருத்தரங்கின் தலைமை உரை)



தலைமை உரை என்றாலே நீளும் என்ற அச்சம் அவையில் இருக்கும். கட்டுரையாளர்களின் நேரத்தை நான் தின்னப் போவதில்லை. வெளியார் எழுதிய முப்பரிமாண மெஷ் நிரலகத்தை நம் மென்பொருளுக்குள் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பது இன்றைய பொருள். அதில் எனக்குச் சொல்ல இருப்பது ஒரே கருத்து. அதைச் சில உதாரணங்களோடு சொல்லி அமர்கிறேன்.

இந்தப் பொருளைப் பேச, தென் அந்தமானில் உள்ள இந்த ஊர் பொருத்தமான இடம். 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவில் வந்த நிலநடுக்கத்தில், சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிப் பிளவு ஓடியது. வட அந்தமான் கரை மேலெழுந்தது. தென் அந்தமான் தாழ்ந்தது. பக்கத்திலிருக்கும் சிப்பிகாட்டில் வயலுக்குள் புகுந்த கடல்நீர் திரும்பிப் போகவில்லை. தெற்கே இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி நீருக்குள் போனது. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு ஜெட்டி கட்டுவதென்றால், முதலில் அதைக் கணினிக்குள் கட்டி ஆட்டிப் பார்த்தாக வேண்டும். அந்த வேலையின் முதல் படிதான் மெஷ், அதாவது வலை.

மாணவர்களுக்காக ஒரு விளக்கம். மண், பாறை, கான்கிரீட் எல்லாம் சேர்ந்த கன உருவத்தை லட்சக்கணக்கான சிறு நான்முகிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சமன்பாட்டை அமைத்து, அவற்றை ஒன்றாகக் கூட்டி, பிறகு மொத்தமாகத் தீர்ப்பதே ஃபைனைட் எலிமென்ட் முறை. தூணுக்கு அருகே நான்முகியின் விளிம்பு அரை மீட்டர் இருக்கலாம். ஆழத்தில் உள்ள பாறையில் சில நூறு மீட்டர் போதும். சிறியதிலிருந்து பெரியதற்கு வலை சீராக விரிய வேண்டும், நடுவில் ஓட்டை இருக்கக் கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது.

இதை நாமே எழுதிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். தளத்தில் முக்கோணம் பிரிப்பதை ஒரு நல்ல மாணவர் எழுதிவிடுவார். முப்பரிமாணத்தில் கதை வேறு. ஒரு முக்கோணப் பட்டகத்தைச் சற்றே முறுக்கினால் கிடைக்கும் உருவத்தை, புதிய புள்ளி எதையும் சேர்க்காமல் நான்முகிகளாகப் பிரிக்கவே முடியாது என்று ஷோன்ஹார்ட் 1928-இலேயே காட்டிவிட்டார். 1934-இல் வந்த டெலோனேயின் விதி தளத்தில் அழகான முக்கோணங்களைத் தரும். அதே விதி முப்பரிமாணத்தில், நான்கு புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே தளத்தில் படுத்துக் கிடக்கும் தட்டையான நான்முகிகளையும் உள்ளே விட்டுவிடும். அவற்றின் கன அளவு பூச்சியத்தை ஒட்டி இருப்பதால் தீர்வு கெட்டுப்போகும். இவற்றைச் சமாளிக்கச் சிலர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். ஷோபெர்லின் நெட்ஜென், பெர்லினில் உள்ள வையர்ஷ்ட்ராஸ் நிறுவனத்தில் ஹாங் சி எழுதிய டெட்ஜென், கிறிஸ்தோஃப் குசேனும் ஜான்-பிரான்சுவா ரெமாக்லும் உருவாக்கிய ஜிமெஷ் ஆகிய மெஷ் நிரலகங்கள் அந்த உழைப்பின் பலன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அதே பெர்லின் நிறுவனமும் பங்களித்த பார்மூன் என்ற தீர்வியை, அதாவது சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலை, பாருங்கள். தீர்வியையே சொந்தமாக எழுதக் கூடியவர்கள் அவர்கள். அவர்களும் வலைக்கு டெட்ஜெனைப் போன்ற வெளி நிரலைத்தான் நாடுகிறார்கள். ஆகவே கடன் வாங்குவதில் வெட்கம் இல்லை.

கடன் வாங்கியபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் என் கருத்து இருக்கிறது. வெளி நிரலகத்தைத் திண்ணையோடு நிறுத்துங்கள். அடுக்களை வரை விடாதீர்கள். நம் நிரலுக்கும் அதற்கும் நடுவே நாமே எழுதிய மெல்லிய ஓர் இடையடுக்கு இருக்கட்டும். டெட்ஜெனின் தரவு வடிவமோ ஜிமெஷின் கட்டளையோ அந்த அடுக்கைத் தாண்டி வேறெங்கும் தலைகாட்டக் கூடாது. இது ஏன் தேவை என்பதற்கு உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, நினைவகம். டெட்ஜெனுக்குப் புள்ளிகளைக் கொடுக்கும் தரவுப் பெட்டி, வேலை முடிந்ததும் தன்னிடமுள்ள புள்ளிப் பட்டியலைத் தானே அழித்துவிடும். நம்முடைய பட்டியலின் முகவரியையே அதற்குக் கொடுத்துவிட்டு, பிறகு நாமும் அழித்தால் நிரல் சரியும். எனவே பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். புள்ளிகளை 0-இலிருந்து எண்ணுகிறோமா 1-இலிருந்து எண்ணுகிறோமா என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, கணு வரிசை. பத்துக் கணு நான்முகியில் மூலைகள் நான்கு, விளிம்பு நடுப்புள்ளிகள் ஆறு. ஜிமெஷ் தரும் வரிசைக்கும், படம் காட்டப் பலரும் பயன்படுத்தும் விடிகே வரிசைக்கும் இடையே கடைசி இரண்டு கணுக்கள் இடம் மாறியிருக்கும். இதைக் கவனிக்காமல் எடுத்துச் சென்றால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. படம் அழகாகவே தெரியும். விடை மட்டும் தவறாக இருக்கும். இதைவிட ஆபத்தான பிழை எது? ஜிமெஷின் கணு எண்கள் இடைவெளியின்றித் தொடர்ந்துதான் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. இரண்டையும் இடையடுக்கு ஒரே இடத்தில் சரிசெய்துவிட்டால், தீர்வி எழுதுபவர் நிம்மதியாக இருக்கலாம்.

மூன்றாவது, கம்பைலர். ஒரு புள்ளி, நான்முகியின் மூலைகள் வழியே செல்லும் கோளத்துக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தீர்மானிக்க, ஜோனதன் ஷூசக் வகுத்த துல்லியச் சோதனைகளை டெட்ஜென் நம்பியிருக்கிறது. தசம எண்கள் எங்கே எப்படி முழுமையாக்கப்படுகின்றன என்பதை வைத்தே அந்தச் சோதனை வேலை செய்கிறது. வேகத்துக்காகக் கம்பைலர் அந்த வரிசையைக் கலைத்தால் சோதனை பொய்க்கும். அதனால்தான் அந்தச் சோதனைகள் உள்ள ஒரு கோப்பை மட்டும் வேகமூட்டல் இல்லாமல் கம்பைல் செய்யும்படி டெட்ஜெனின் பில்டு கோப்பே அமைக்கப்பட்டிருக்கிறது. நம் பில்டு அமைப்புக்குள் கொண்டுவரும்போது எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே அமைப்பைப் போட்டுவிடுவது சுலபம். அதன் விளைவு மாதங்கள் கழித்து எங்கோ வெடிக்கும்.

நான்காவது, தோல்வி. உள்ளே கொடுத்த மேற்பரப்பு தன்னையே வெட்டிக்கொண்டால் டெட்ஜென் 3 என்ற பிழை எண்ணை வீசும். ஜெட்டியின் தூணும் தளமும் தனித்தனியாக வரையப்பட்டு, ஒட்டாமல் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருந்தால் இது நேரும். அந்த எண்ணைப் பிடித்து, “இந்தத் தூணின் மேல்முகம் தளத்தை வெட்டுகிறது” என்று பயனருக்குச் சொல்லத் தெரிந்த மென்பொருளே மென்பொருள். பிடிக்காவிட்டால் அவர் காலை முதல் வரைந்தது எல்லாம் ஒரு நொடியில் போய்விடும். இன்னொரு வழியும் உண்டு. ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருள் ஜிமெஷைத் தனி நிரலாக ஓட்டிக் கோப்பு வழியே பேசுகிறது. வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் வலைநிரல் விழுந்தாலும் வீட்டுநிரல் நிற்கும். உள்ளே சேர்ப்பதா, தனியாக ஓட்டுவதா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள்.

உரிமத்தைப் பற்றிச் சுருக்கமாக. நெட்ஜென் எல்ஜிபிஎல், ஜிமெஷ் ஜிபிஎல், டெட்ஜென் 1.5 பதிப்பிலிருந்து ஏஜிபிஎல். கடைசியில் சொன்னதை மாற்றி அமைத்து இணையச் சேவையாக நடத்தினாலும், பயன்படுத்துவோருக்கு மூலநிரலைத் தர வேண்டிய கடமை வரும். மூடிய மென்பொருளில் வைக்க விரும்பினால் தனி உரிமம் வாங்க வேண்டும். தனி நிரலாக ஓட்டினாலே எல்லாம் தீர்ந்தது என்று நம்பிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு உரிமத்தைப் படிப்பவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

தீவில் வாழ்பவர்களுக்கு இன்னும் ஒன்று. சென்னையையும் இந்தத் தீவுகளையும் இணைத்துக் கடலடியில் மொத்தம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஓடும் கண்ணாடியிழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் இங்கே தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் இணையத்துக்குச் செயற்கைக்கோளை நம்பியிருந்தோம். கேபிள் வந்துவிட்டாலும், பில்டு செய்யும் ஒவ்வொரு முறையும் எங்கோ உள்ள சர்வரிலிருந்து நிரலகத்தை இறக்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு ஆகாது. பயன்படுத்தும் பதிப்பின் முழு மூலநிரலும் உள்ளூர் வட்டில் இருக்கட்டும். பதிப்பை உயர்த்துவது தெரிந்தே எடுக்கும் முடிவாக இருக்கட்டும், தானாக நடந்துவிடும் விபத்தாக அல்ல.

எதை வைத்துச் சோதிப்பது? ஒரு மீட்டர் கனசதுரத்தைக் கொடுங்கள். வந்த நான்முகிகளின் கன அளவைக் கூட்டினால் 1 வர வேண்டும். வெளிமுகங்களின் பரப்பைக் கூட்டினால் 6 வர வேண்டும். எந்த நான்முகியின் கன அளவும் எதிர்க்குறியில் இருக்கக் கூடாது. கொடுத்த ஆறு முகங்களின் அடையாள எண்களும் மறுபக்கம் அப்படியே திரும்பி வர வேண்டும். பதிப்பை மாற்றும்போதெல்லாம் இந்தச் சோதனை முதலில் ஓடட்டும். அதோடு தரவின் தகுதியையும் மறக்க வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஜெப்கோ கடலாழத் தரவின் இடைவெளி 15 வில்விநாடி, அதாவது ஏறத்தாழ 450 மீட்டர். அதன்மேல் 5 மீட்டர் வலையைப் போட்டால் கணினிக்கு வேலை கூடும், கடலைப் பற்றிய அறிவு கூடாது.

இன்றைய அமர்வுகளில் கட்டுரை வழங்குவோரிடம் ஒரு வேண்டுகோள். வண்ணப்படங்களைக் காட்டுங்கள்; கூடவே எந்த நிரலகம், எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு, மிக மோசமான நான்முகியின் கோணம் எவ்வளவு என்பதையும் காட்டுங்கள். ஓடாமல் போன உருவங்களையும் மறைக்காமல் வையுங்கள். மாணவர்களுக்கு அவையே பெரிய பாடம். மாணவர்களே, கேள்வி கேட்கத் தயங்காதீர்கள், தமிழிலேயே கேளுங்கள்.

வலையைப் பின்னும் நிரலை யார் எழுதியிருந்தாலும், அந்த வலையை நம்பிக் கட்டிய ஜெட்டி அசைந்தால் பதில் சொல்ல வேண்டியது கையெழுத்திட்ட நாம்தான். அந்தப் பொறுப்பை எந்த உரிமமும் ஏற்றுக்கொள்வதில்லை. “எவ்வித உத்தரவாதமும் இல்லை” என்றே எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறது. அதை மனதில் வைத்து அமர்வுகளைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.